வராதவுக பேரு மொதல்ல

டீச்சரு எலக்சன்ல தோத்துப் போனாக. அத மொதல்லயே சொல்லிப்புடுறேன். ஜெயிச்சாகளா தோத்தாகளான்னு ஒங்கள ஒக்காத்தி வச்சு இழுத்துக்கிட்டுப் போக நான் ஒண்ணும் டிவிக்காரன் இல்ல. மைக் செட்டுக்காரன். போடிய சுத்தி கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எழவு வீடு, எங்க குழாய் கட்டியிருந்தாலும் பாதிக்குப் பாதி அது என்னோடதாத்தான் இருக்கும். சொந்த ஊரு சிலமலை. பேரு சுருளி.

என் பேரச் சொல்லிட்டேன், அவுக பேரச் சொல்லமாட்டேன். தெரியாம இல்ல. ஊருல இருக்க அத்தன பேரையும் பேரு சொல்லிக் கூப்புட்ட மனுசி அவுக. அவுகள ஒருத்தரும் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. டீச்சரு, அம்புட்டுத்தான். அதுபோக, ஒரு பேர சத்தமாச் சொன்னா என்னென்ன நடக்கும்னு நான் கண்ணால பாத்துட்டேன். அதனால டீச்சரு டீச்சராவே இருந்துட்டுப் போகட்டும்.

மத்த வாத்திமாருக வகுப்புக்குள்ள வந்தா வந்தவன் பேரா வாசிப்பாக. நாங்களும் உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயான்னு கத்துவோம். டீச்சரு அப்பிடி இல்ல. வாசல்ல நின்னு பெஞ்சுகள ஒரு பார்வை பாப்பாக. எந்த எடத்துல ஓட்டை விழுந்திருக்கோ அந்தப் பேர மொதல்ல கூப்புடுவாக. அவன்தான் வரலையே, எங்குட்டு இருந்து பதில் சொல்லுவான்? இருந்தாலும் கூப்புட்டுட்டு நிப்பாக, பதிலு வருங்கிற மாதிரி. நாப்பது கண்ணும் அந்தக் காலி எடத்தையே பாக்கும். செத்தவன் பேரக் கூப்புடுற மாதிரி இருக்கும் எனக்கு. ஒருதடவ கேட்டே புட்டேன், “ஏன் டீச்சர், வந்தவங்க பேரை மொதல்ல கூப்புட்டா என்ன?”ன்னு.

“வந்தவன் இங்கதானப்பா இருக்கான். அவனை அப்புறம் பாத்துக்கலாம். வராதவங்க பேரைத்தான் முதல்ல கூப்பிடணும்”னாக.

மத்தியானம் சோத்து மணி அடிச்சா கொடைய எடுத்துக்கிட்டு அந்தப் பையன் வீட்டுக்குக் கிளம்பிருவாக. காய்ச்சல்னு சொன்னா நெத்தியத் தொட்டுப் பாப்பாக. பொய்யின்னா திட்டமாட்டாக. “சரி, சட்டையப் போடு”ம்பாக. அவுககிட்ட காய்ச்சல்னு சொல்லித் தப்பிச்சவன் ஊருல ஒருத்தனும் கிடையாது.

எனக்கு நடந்தத சொல்றேன். ஏழாவது படிக்கிறப்ப எங்க ஊரு காளியம்மன் கோயில் பொங்கலு. குழாய் கட்ட ஆளு வந்திருக்கான். எனக்குப் பள்ளிக்கூடமாவது ஒண்ணாவது. மேடைக்கு அடியில பூந்து ஒயரப் பிடிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கேன். உச்சி வெயில்ல டீச்சரு கொடை வருது. மேடையேறி, மைக்க அந்தாளு கையில இருந்து வாங்கி, “சிலமலை சுருளி, ஏழாம் வகுப்பு. எங்கிருந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு வரவும்”னு சொன்னாக பாருங்க. ஊரு பூராம் கேட்டுச்சு. நான் அடியில வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். ரெண்டாவது தடவ சொல்றப்ப எங்கப்பா வயக்காட்டுல இருந்து மம்பட்டியோட வந்துட்டாரு. அன்னைக்கு வாங்குன அடி இப்பவும் மழைக்காலத்துல ஞாபகம் வரும்.

ஊரே சிரிச்சுச்சு. நானும் இத எத்தனையோ மேடையில சொல்லிச் சிரிக்க வச்சிருக்கேன். ஆனா மைக்குல ஒரு பேரு விழுந்தா மம்பட்டி கிளம்பி வரும்ங்கிறது டீச்சருக்குத் தெரியாது. எங்கப்பா என்னைய இழுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனதத்தான் பாத்தாக. அங்கிட்டு நடந்தத நான் சொல்லல. அவுககிட்ட ஆரும் சொல்லமாட்டோம். நல்லது பண்ண வந்த மனுசிகிட்ட, ஒன் நல்லதால எனக்கு அடி விழுந்துச்சுன்னு எந்த வாயால சொல்றது?

என் பொண்டாட்டி செல்வி கதையும் அப்பிடித்தான். அவ ராசிங்காபுரத்துக்காரி, எங்க பள்ளிக்கூடத்துலதான் படிச்சா. எட்டாவதுல, ஆடி மாசம், ஏலக்காயெடுப்பு மும்முரமா இருக்கப்ப அவ ஆத்தா அவளையும் ஜீப்புல ஏத்தி மலைக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. எங்க பக்கத்துல அது ஒண்ணும் அதிசயம் இல்ல. விடிய முன்ன ஜீப்பு வரும். பொம்பளைக தூக்குச்சட்டியோட ரோட்டோரமா நிப்பாக. ஒருத்தி மடியில ஒருத்தி ஒக்காந்து, பின்னாடி தொத்திக்கிட்டு, முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குப் போயி, சாயங்காலம் அதே மாதிரி எறங்கி வருவாக. ஜீப்புல எடம் இருந்தா வேல இருக்கு. எடம் இல்லைன்னா வேல இல்ல. ஆர ஏத்துறது ஆர விடுறதுங்கிறது ஜீப்பு வச்சிருக்கவரு பாடு. தோட்டத்துக்காரனுக்கு ஆளு பேரே தெரியாது.

டீச்சரு மறுநா அதே ஜீப்புல ஏறி, பொம்பளைகளோட நெருக்கியடிச்சுப் போயி எறங்கியிருக்காக. ஏலச்செடிக்குள்ள நீங்க போயிருக்கீகளா? ஆளு ஒசரத்துக்கு மேல தோகை. காயி அடித்தூருல கெடக்கும். எடுக்கிறவுக குனிஞ்சு ஒக்காந்துட்டா நூறு பேரு இருந்தாலும் ஒரு தலை தெரியாது. மேல மூடுபனி. அங்கன மலையாளத்துச் சூப்பர்வைசர், “எந்தா டீச்சரே, இவிட பிள்ளேரொண்ணும் இல்லா”ன்னு கையக் கட்டி நிக்கிறாரு. பிள்ளைகளே இல்லையாம். டீச்சரு அவருகிட்டப் பேசல. செடியப் பாத்து, வகுப்புல கூப்புடுற அதே கொரல்ல, “செல்வி”ன்னாக. நின்னாக.

ஒரு தோகை அசையல. காயி பொறுக்குற சத்தம் கூட நின்னு போச்சாம். செல்விய அவ ஆத்தா தோளப் பிடிச்சு அமுக்கியிருக்கு. ஆனா இந்தப் பயபுள்ளைக்கு வாய் தானா தொறந்துக்கிருச்சு. “உள்ளேன் டீச்சர்!”

செல்வி கீழ வந்தா, பத்தாவது முடிச்சா. அது ஊருக்குத் தெரிஞ்ச கதை. தெரியாதது என்னன்னா, மறுநாளுல இருந்து அவ ஆத்தாளுக்கு ஜீப்பு நிக்கல. ஒரு சண்டை இல்ல, ஒரு வசவு இல்ல. வண்டி வரும், மெதுவாகும், கடந்து போயிரும். அந்த சீசன் பூராம் அந்தப் பொம்பள ரோட்டுல நின்னு நின்னு திரும்புச்சு. அப்ப அந்த வண்டிய ஓட்டுனவருதான் இன்னைக்கு மலைக்குப் போற ஜீப்புல முக்காவாசிய வச்சிருக்கிற பெருமாளண்ணன்.

கல்யாணத்துக்கப்புறம் செல்வியும் அதே ஜீப்புல மலைக்குப் போனா. என்ன செய்ய? என் தொழிலு மாசி, பங்குனி, சித்திரை. மிச்ச மாசத்துக்கு குழாயத் தின்ன முடியுமா? டீச்சரு அவள ஒருநா விடியக்காலம் தூக்குச்சட்டியோட பாத்துட்டாக. திட்டுவாகன்னு இவ தலையக் குனிஞ்சிருக்கா. “பிள்ளைய எங்கம்மா விட்டுட்டுப் போற? அங்க ஒதுங்க எடம் இருக்கா?”ன்னு ரெண்டே கேள்விதான் கேட்டாகளாம்.

அந்த ரெண்டு கேள்விதான் பின்னாடி எலக்சன்ல நின்னுச்சு.

டீச்சருக்கு இன்னும் சர்வீசு பாக்கி இருந்துச்சு. எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டாக. எந்தக் கட்சியும் இல்ல, சுயேச்சை. கரும்பலகைச் சின்னம் கேட்டிருக்காக. கெடைச்சது வாளி. “அதுக்கென்ன சுருளி, எல்லார் வீட்டுலயும் இருக்கிற பொருள்தான”ன்னு சிரிச்சாக. என் லோடு ஆட்டோவுல ரெண்டு குழாயக் கட்டுனேன். வாளி ஒண்ணையும் முன்னாடி கட்டித் தொங்கவிட்டேன், அது குழிக்குக் குழி டங்கு டங்குன்னு ஆடும். அவுக கேட்டது ரொம்பப் பெரிசு ஒண்ணும் இல்ல. மலைக்குப் போற பொம்பளைகளுக்கு அரசாங்கம் பஸ்சு விடணும். தோட்டத்துல கக்கூசும், கைப்பிள்ளைகளப் பாத்துக்கிற எடமும் வேணும். எட்டாவதோட எந்தப் பிள்ளையும் நிக்கக்கூடாது. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பஸ்சு வந்தா ஜீப்பு என்னத்துக்கு? அதையும் ஊரு ரோசிச்சுச்சு.

மொத கூட்டம் ராசிங்காபுரம். சாயங்காலம், பொம்பளைக மலையில இருந்து எறங்கி வர்ற நேரம். ஆட்டோவச் சுத்தி பத்து இருவது பேரு நின்னாக, பாதி ஆம்பளைக, வேடிக்கை பாக்க. டீச்சரு மைக்க வாங்குனாக. வணக்கம் சொல்லல, பெரியோர்களே தாய்மார்களேன்னு சொல்லல. ஒரு பார்வை பாத்தாக. எனக்கு அப்பவே திக்குன்னுச்சு, அந்தப் பார்வை எனக்குத் தெரியும்ல.

“பாப்பாத்தி வரலையா?”ன்னாக. நின்னாக.

ஒரு வீட்டுக் கதவு பாதி தொறந்துச்சு. பாப்பாத்தியக்கா ஈரக்கையத் தொடைச்சுக்கிட்டே, வெக்கமும் சிரிப்புமா வெளிய வந்துச்சு. அதுவும் டீச்சருகிட்டப் படிச்சு இப்ப மலைக்குப் போறதுதான், வயசு நாப்பதுக்கு மேல இருக்கும். மைக்குல தன் பேரக் கேட்டதுல மொகமே பிள்ள மொகமா ஆயிருச்சு. அடுத்து இன்னொரு பேரு, இன்னொரு கதவு. எனக்கே ஒடம்பு சிலுத்துச்சு. எத்தன கட்சிக்கு குழாய் கட்டியிருக்கேன், ஒருத்தனாவது ஒரு பொம்பளையப் பேரு சொல்லிக் கூப்புட்டிருப்பானா? இந்தம்மா ஜெயிச்சாலும் ஜெயிச்சுரும்னு அன்னைக்குத்தான் நெனச்சேன்.

ரெண்டு நா கழிச்சு செல்வி வேல விட்டு வந்து, குத்த வச்சபடியே சொன்னா. “பாப்பாத்தியக்கா ரோட்டுல நின்னுச்சு. வண்டி நிக்கல.”

“எடம் இல்லாம இருந்திருக்கும்.”

“முன்சீட்டே காலியாக் கெடந்துச்சுய்யா.”

அடுத்த ஊருல டீச்சரு நாலு பேரக் கூப்புட்டாக. அந்த நாலு பேருக்கும் வண்டி நிக்கல. டொம்புச்சேரிப் பக்கம் ஒரு பொம்பள, அது தன் பேரக் கூப்புட்டதுக்கு வெளிய கூட வரல, உள்ள இருந்து சன்னல்ல எட்டிப் பாத்துச்சு, அம்புட்டுத்தான். அதுக்கும் நிக்கல. யாரும் அடிக்கல, யாரும் ஏசல. போலீசுக்குப் போயி என்னான்னு சொல்லுவ? ஜீப்பு நிக்கலைன்னா? அது அவரு வண்டி, அவரு நிப்பாட்டாட்டி போறாரு.

ஜீப்பு ஸ்டாண்டுக்கிட்ட டீ குடிக்கப் போனேன். பெருமாளண்ணன் பெஞ்சுல ஒக்காந்திருந்தாரு. நல்ல மனுசன்தான், பாத்தா அப்பிடித்தான் சொல்லுவீக. நெத்தி நெறைய துன்னூறு. ஆரு வீட்டுல எழவுன்னாலும் மொத மாலை அவரோடது.

“ஏப்பா சுருளி, வா, ஒக்காரு. ஒஞ்செட்டு இப்ப நல்லா கேக்குதுப்பா. குழாய் மாத்துனியா?”

“இல்லண்ணே, பழசுதான்.”

“அப்பிடியா. மொட்டை மாடியில படுத்திருக்கேன், ஒவ்வொரு பேரும் சுத்தமா வந்து விழுகுது. டீச்சரு கொரலு அப்பிடி. எனக்கும் அவுகதான டீச்சரு.” டீ கிளாஸ என் கையில குடுத்தாரு. “செல்வி நல்லாருக்கா? அது நம்ம வண்டியிலதான வருது. பாவம், பின்னாடி தொத்திக்கிட்டு வருது. முன்சீட்டுல ஒக்காரச் சொல்லியிருக்கேன். சிலமலையில எப்ப கூட்டம்?”

டீ கிளாஸ பெஞ்சுல வச்சேன். “வெள்ளிக்கிழமண்ணே”ன்னேன்.

“நல்லா பண்ணுங்க”ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

இதுக்கு மேல பொத்தி வைக்க எனக்கு முடியல. பயந்துட்டேன், மறைக்கல. டீச்சரு வீட்டுக்குப் போயி, வரிசையா ஒவ்வொரு பேரா, வண்டி நிக்காத கதைய பூராம் கொட்டிட்டேன். செல்வி ஆத்தா கதையும் சேத்து. டீச்சரு எந்திரிச்சாக. கொடைய எடுத்தாக. “பாப்பாத்தி வீட்டுக்குப் போவோம்”னாக.

பாப்பாத்தியக்கா பாய விரிச்சு, தண்ணி குடுத்துச்சு. “ஏம்மா, மலைக்குப் போகலையா?”ன்னு கேட்டாக டீச்சரு.

“இடுப்பு வலி டீச்சர். நானாத்தான் போகல. ஜீப்புக்காரக எல்லாம் தங்கமானவுக.” சொல்லிட்டு என்னையப் பாத்துச்சு. ஏண்டா இப்பிடிப் பண்ணுனங்கிற பார்வை.

டீச்சரு கைய நீட்டி அதோட நெத்தியத் தொட்டாக, பள்ளிக்கூடத்துல காய்ச்சப் பாக்குற மாதிரி. பாப்பாத்தியக்கா ஓன்னு அழுதுருச்சு. ஆனா அப்பவும் வாயத் தொறந்து ஒத்தச் சொல்லு சொல்லல.

ஆட்டோவுல திரும்பி வர்றோம். வாளி மட்டும் டங்கு டங்குன்னு ஆடுது. “கழட்டிரவா டீச்சர்?”னு கேட்டேன். “இருக்கட்டும். அதுவாவது சத்தம் போடட்டும்”னாக. அம்புட்டு வருசத்துல அவுக கொரலு உள்ள போயிக் கேட்டது அன்னைக்குத்தான்.

வெள்ளிக்கிழம சிலமலைக் கூட்டம். மந்தையில ஆட்டோவ நிப்பாட்டுனேன். ஆம்பளைக நாலு பேரு. அரச மரத்தடியில பெருமாளண்ணன் ஜீப்பு ஒண்ணு நிக்குது, உள்ள அவரு மச்சினன். கூட்டமே இல்ல, எல்லாக் கதவும் சாத்தியிருக்கு. என் வீட்டுக் கதவும்தான். டீச்சரு மைக்கப் பிடிச்சு, வாயெடுத்தாக. எனக்கு நெஞ்சு அடிச்ச அடி குழாயில கேட்டிருக்கும். செல்வி பேரு வருது, இந்தா வருதுன்னு இருக்கேன். வரல. அவுக ஒரு பேரும் சொல்லல. பஸ்சு, கக்கூசு, பள்ளிக்கூடம், வாளிச் சின்னம். மத்தவுக பேசுற மாதிரியே பேசிட்டு எறங்கிட்டாக. நிம்மதியா இருந்துச்சு எனக்கு. அந்த நிம்மதியப் போல அசிங்கம் வேற இல்ல.

அதோட விட்டிருந்தா டீச்சரு இல்லையே. பேரத்தான சொல்லக்கூடாது, கூட நிக்கலாம்லன்னு நெனச்சிருக்காக. மறுநா விடியக்காலம் செல்விய ஜீப்பு ஏத்திவிட நானும் ரோட்டுக்குப் போறேன், அங்கன பொம்பளைக வரிசையில கடைசி ஆளா டீச்சரு நிக்கிறாக. கையில மைக்கு இல்ல, ஒண்ணும் இல்ல. கொடை மட்டும். ராசிங்காபுரத்துல இருந்து பாப்பாத்தியக்காவும் நடந்து வந்து பக்கத்துல நிக்குது. டீச்சருதான் கூட்டிட்டு வந்திருக்காக. ஒருத்தரும் ஒருத்தர் மொகத்தப் பாக்கல.

ஜீப்பு வெளிச்சம் வந்துச்சு. மெதுவாச்சு. வெளிச்சம் ஒவ்வொரு மொகமா தடவிக்கிட்டு வந்து டீச்சரு மேல நின்னுச்சு. அப்புறம் எங்க அம்புட்டுப் பேரையும் கடந்து போயிருச்சு.

போனது போகல. வளைவுல நின்னுச்சு. இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு, பின்னாடி செவப்பு லைட்டு எரியுது. ஒருத்தரும் எறங்கல, ஒருத்தரும் கூப்புடல. சும்மா நிக்குது. என்ன கேக்குதுன்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. கைப்பிள்ளக்காரி ஒருத்தி அழ ஆரம்பிச்சுட்டா. அங்க நின்ன ஒவ்வொருத்தி வீட்டுலயும் அந்த ஜீப்பு நின்னாத்தான் அடுப்பு.

செல்விதான் போனா. நான் கையப் பிடிச்சேன், ஒதறிட்டுப் போனா. டீச்சரு முன்னாடி நின்னு, தரையப் பாத்துக்கிட்டே சொன்னா.

“டீச்சர், நீங்க இங்க நிக்காதீங்க. நீங்க நின்னா வண்டி நிக்காது.”

அத்தன வருசத்துல ஒரு பொம்பள தன் வாயால அவுககிட்டச் சொன்ன மொத நெசம் அதுதான். டீச்சரு, “சரிம்மா”ன்னாக. பாப்பாத்தியக்கா தோளத் தொட்டுக் கூட்டிக்கிட்டு ரெண்டு பேருமா வேப்பமரம் தாண்டி நடந்தாக. அவுக மரத்தத் தாண்டுனதும் ஜீப்பு ரிவர்சுல வந்துச்சு. முன்சீட்டுக் கதவு தொறந்துச்சு. “ஏறு ஆத்தா, வெரசா”ன்னான் பெருமாளண்ணனோட மச்சினன். செல்வி ஏறிப் போனா. அன்னைக்குச் சாயங்காலம் வந்தவ சோறு திங்கல. “அன்னைக்கு மலையில இருந்து அவுக என்னையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தது இதுக்குத்தானா”ன்னு மட்டும் கேட்டா.

அதுக்கப்புறம் ஓட்டுப் போடுற நாளு.

பூத்து எங்க பள்ளிக்கூடத்துல. அதுவும் எங்க ஏழாம் வகுப்பு ரூமுலயே. பெஞ்ச ஓரமா அடுக்கி வச்சு, அட்டை மறைப்புக்குள்ள மிசினு. செவுத்தோரமா ஏஜெண்டுமாரு வரிசை, அதுல பெருமாளண்ணன் மச்சினனும் ஒருத்தன். நான் ஆம்பளை வரிசையில போயி வெரல்ல மை வாங்கிக்கிட்டு இருக்கேன், பொம்பளை வரிசையில செல்வி உள்ள வர்றா. ஓட்டுப் போடப் போனவுகளுக்குத் தெரியும், மொத மேசையில இருக்க ஆபீசரு சீட்ட வாங்கி நம்ம பேரச் சத்தமா வாசிப்பாரு. ஏஜெண்டுக காதுல விழணும், கள்ள ஓட்டு வரக்கூடாதுங்கிறதுக்கு. வழக்கம்தான். ஒருத்தரும் அதுக்குப் பதிலு சொல்றதில்ல.

அந்த நேரம் பாத்து டீச்சரு வாசப்படிக்கு வந்தாக. வேட்பாளருங்கிறதால ஒவ்வொரு பூத்தா பாத்துக்கிட்டு வர்றாக. அதே வாசல், அதே நிப்பு. உள்ள பெஞ்சுகளப் பாத்தாக. யாரையும் பாத்துச் சிரிக்கல. ஆருக்கு எது ஆகும்னு இப்ப அவுகளுக்குத் தெரியும்ல. பார்வையக் கூட யாரு மேலயும் வைக்காம நின்னாக.

“செல்வி”ன்னு ஆபீசரு வாசிச்சாரு.

செல்வி என்னைய ஒரு தடவ பாத்தா. மச்சினன ஒரு தடவ பாத்தா. அன்னைக்கு ஏலச்செடிக்குள்ள வாய் தவறி வந்தது. இது தவறி வந்ததில்ல. வாசப் பக்கம் திரும்பி, ரூமு அதிர,

“உள்ளேன் டீச்சர்”ன்னா.

ஆபீசருக்கு ஒண்ணும் வெளங்கல. “இங்கல்லாம் அப்பிடிச் சொல்ல வேண்டாம்மா, கைநாட்டா கையெழுத்தா”ன்னாரு. “கையெழுத்து”ன்னு சொல்லி எழுத்துக்கூட்டி அழகாப் போட்டா. பின்னாடி வரிசையில நின்ன பொம்பளைக தலையக் குனிஞ்சுக்கிட்டாக. ஒருத்தியும் செல்வி மாதிரி சொல்லல. மச்சினன் தலைய நிமித்தி செல்வியப் பாத்தான். கோவமெல்லாம் இல்ல. பாத்துக்கிட்டேன்ங்கிற மாதிரி ஒரு தலையாட்டு. டீச்சரு வாசல்ல இல்ல. வராந்தாத் தூணப் பிடிச்சுக்கிட்டு அங்கிட்டுத் திரும்பி நின்னாக. தோளு குலுங்குனது எனக்குத் தெரிஞ்சுச்சு.

மறுநா விடியக்காலம் வழக்கம் போல எந்திரிச்சு, சோறாக்கி, தூக்குச்சட்டியில கட்டுனா. “எதுக்குடி போற, தெரிஞ்சதுதான”ன்னேன். “நிக்கிறது என் சோலி. நிப்பாட்டுறது அவுக சோலி”ன்னு கிளம்பிட்டா. நானும் கூடப் போனேன். மத்த பொம்பளைக அவளுக்கு ரெண்டடி தள்ளியே நின்னாக. அவளும் அதத் தப்பா எடுக்கல. ஒருத்தி மட்டும், “செல்வி, ஏலக்காய்க் கடையில காயி பொறுக்கிப் பிரிக்கிற வேல இருக்காம், கேட்டுப் பாரேன்”னு வேற எங்கயோ பாத்துக்கிட்டுச் சொன்னா.

தூரத்துல, வேப்பமரத்துக்கு அங்கிட்டு, இருட்டோட இருட்டா ஒரு கொடை நிக்கிறது தெரிஞ்சுச்சு. சொன்ன எடத்துக்கு இந்தப்பக்கம் ஒரு அடி வைக்கல. டீச்சராச்சே, சொன்னா கேப்பாக.

வண்டி வந்துச்சு. பொம்பளைக கிட்ட நின்னுச்சு, ஏத்திக்கிருச்சு. செல்விக்கிட்ட வர்றப்ப முன்சீட்டுக் கதவு தொறந்துதான் இருந்துச்சு. உள்ள ஆளு இல்ல. அப்பிடியே தொறந்த கதவோட அவளக் கடந்து, வளைவு திரும்பி, மலைக்குப் போயிருச்சு. இந்தத் தடவ வளைவுல நிக்கல.

செல்வி தூக்குச்சட்டியக் கீழ வச்சா. முந்தானைய ஒதறி இடுப்புல செருகுனா. வேப்பமரத்தப் பாத்து, வகுப்புல கூப்புடுற மாதிரி நல்லா சத்தமாவே கூப்புட்டா.

“டீச்சர், வாங்க. இப்ப நீங்க இங்க நிக்கலாம்.”